இரண்டு அறை தள்ளி

மார்ச் 4

அக்காவுக்கு,

ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். ஆசையால் அல்ல, மருத்துவர் உத்தரவு. தினமும் நாலு வரி எழுத வேண்டுமாம். கல்லீரல் வடிகட்டாத விஷம் மூளைக்கு ஏறினால் கையெழுத்து கோணிவிடுமாம். பெயர்ப்பலகை எழுதுகிறவளுக்கு இப்படியொரு பரீட்சை.

எல்லாம் பல்வலியால் வந்தது. ஏணியை விட்டு இறங்க மனமில்லாமல், ஒரு கடையில் வெள்ளை மாத்திரை, இன்னொரு கடையில் ரோஸ் மாத்திரை என்று வாங்கி, மூன்று நாள் இரண்டையும் மாற்றி மாற்றி விழுங்கினேன். இரண்டும் ஒரே மருந்தாம். கல்லீரல் படுத்துவிட்டது. முறிவு மருந்து ஏற்றுகிறார்கள். அதற்குக் கேட்காவிட்டால் வேறு கல்லீரல்தான் வைக்க வேண்டுமாம்.

அம்மா சாகக் கிடந்ததை என்னிடம் மறைத்து, செத்த பிறகு சொன்னாயே, நான் அப்படிச் செய்யவில்லை. சொல்லிவிட்டேன். நர்ஸ் இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவார்.

தங்கை

மார்ச் 5

அக்கா,

இன்றைக்கு 'க' வளையமாட்டேன் என்கிறது. நீ வருவாயா? அம்மா சாப்பிட்டாளா?

மார்ச் 6

என் வாலுக்கு,

நேற்றைய தாளைப் பார்த்ததும் பஸ் பிடித்தேன். நான் வந்தபோது நீ கண் திறக்கவில்லை. முறிவு மருந்து போதவில்லையாம். என் கல்லீரலில் பாதியை வெட்டி உனக்கு வைக்கலாம், இருவருக்கும் வளர்ந்துவிடும் என்றார் மருத்துவர். ரத்தமும் பொருந்திவிட்டது. நாளைக் காலை அறுவை சிகிச்சை. உனக்கு இரண்டு அறை தள்ளி இருக்கிறேன். பயமாக இருக்கிறது. இந்த முறை மறைக்கவில்லை. நீ தூங்கினாலும் நர்ஸ் இதை உன் காதில் படிப்பார்.

இன்னொன்று. சாகக் கிடந்த மூன்று நாளும் அம்மா உன்னைத்தான் கேட்டாள். ஏணிமேல் நிற்கிறவளிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கியே நாளைப் போக்கிவிட்டேன். "வந்துட்டிருக்காம்மா" என்று அவளிடம் பொய் சொன்னேன். வாசலைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். என்னைத் திட்டவாவது எழுந்து வாடி.

அக்கா

மார்ச் 16

அன்பு அக்காவுக்கு,

எழுத்து கோணல்தான். இது வெறும் பலவீனமாம், மூளை தெளிவாக இருக்கிறதாம். உன் கடிதத்தை இன்றைக்குத்தான் நானே படித்தேன். அழுதேன், தையல் வலித்தது. கோபம் போகவில்லை. ஆனாலும் உன் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை அக்கா.

இன்று கதவு வரைக்கும் நடக்க விட்டார்கள். நாளை உன் அறை வரைக்கும் என்று நர்ஸிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருக்கிறேன். நீ எழுந்து வராதே, படுத்திரு.

அம்மாவிடம் நீ சொன்னது பொய்யாக வேண்டாம். வந்துட்டிருக்கேன்.

உன் வாலு