கட்டுமரத்துக்குக் கால் கழுவியவர்

அன்பு மாமா,

கேலி பேச ஆளில்லாமல் இரண்டு வருஷமாக வாயில் துரு ஏறிக் கிடக்கும் உங்கள் மச்சினிச்சி விஜயா எழுதுகிறேன். நலமா என்று கேட்க வழியில்லை. அங்கே ஏரி இருக்கிறதா, காற்று அடிக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே செய்தி இதுதான். இந்த மழைக்குக் காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பிவிட்டது. உங்கள் கட்டுமரம் மறுபடியும் தண்ணீரில் இறங்கிவிட்டது. அதில் உங்கள் மனைவி, என் அக்கா சுகுணா, ஏறி உட்கார்ந்து ஒரு சுற்று போய்வந்தாள். சிரிக்காதீர்கள் மாமா, நிஜம்.

அக்கா அதை எப்படித் திட்டுவாள் என்று உங்களுக்குத் தெரியும். சென்னையில் ஏதோ ஒரு படகு கிளப்பின் கொல்லையில் கேட்பாரற்றுக் கிடந்ததை, உப்புத்தோல் ஏற்றிவரும் லாரியில் போட்டுக் கொண்டுவந்தீர்கள். இரண்டு நீள மிதவை, நடுவில் உட்கார ஒரு வலை, குறுக்கே இரண்டு அலுமினியக் குழாய், முன்குழாயின் நடுவில் நட்டுவைக்க ஒரு பாய்மரம். நாற்றம் போக ஒரு வாரம் ஆனது. ஏரியில் மீன் பிடிக்கும் ஏழுமலை அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "கட்டவும் இல்ல, மரமும் இல்ல. இதுக்குப் பேரு கட்டுமரமா?" என்று கேட்டார். "வெள்ளக்காரன் நம்மகிட்ட வாங்கினு போன பேருய்யா. திருப்பிக் குடுக்குறான், வாங்கி வச்சுக்க" என்றீர்கள்.

வாரம் முழுக்க ஆம்பூர் டேனரியில் ஃபிட்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏரி. நானாவது அவ்வப்போது உங்களோடு தொற்றிக்கொள்வேன். அக்கா கரைக்குக்கூட வரமாட்டாள். "எனக்கு சக்களத்தி தண்ணியில நிக்குறா" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த அக்காதான் தீபாவளி கழிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "ஒரே ஒரு தடவ என்னை அதுல ஏத்தினு போடி" என்றாள். "அவரு அங்க இன்னாத்தப் பாத்தாருன்னு நானும் பாத்துட்றேன். அப்பறம் காயலான் கடைக்குப் போட்டுட்லாம்."

அக்காவுக்கு நீச்சல் தெரியாது. நடு ஏரியில் பாய்மரம் சாய்ந்தால் அவள் தலைமேல் விழும். அதனால் முதல் வேலையாக, நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து யாரும் தொடாத படகை நானும் ஏழுமலை அண்ணனும் பிரித்துப் பார்த்தோம்.

மிதவைக்கு ஒன்றுமில்லை. பாய்மரத்தின் கால் உட்காரும் கிண்ணம் இருக்கிறதே, முன்குழாயில் நான்கு போல்ட் போட்டு இறுக்கியிருப்பீர்களே, அங்கேதான் வினை. அதைச் சுற்றி விபூதி கொட்டினாற்போல வெள்ளைப் பொடி. குழாய் வளையாமலிருக்க அடியில் இழுத்துக் கட்டிய கம்பியின் மரைகளும் அரித்துப்போய்விட்டன. போல்ட்டில் இரண்டு கழன்றன, இரண்டு முறிந்தன. கிண்ணத்தை நெம்பி எடுத்தால் அடியில் கொழகொழவென்று ஒரு தோல் துண்டு. அது கிடந்த இடம் முழுக்க அலுமினியம் குழிகுழியாகத் தின்னப்பட்டிருந்தது.

தோலைத் திருப்பினேன். ஓரத்தில் வெள்ளி மைப் பேனாக் கோடு. எங்கள் ஷூ கம்பெனியில் தோலில் அடையாளம் போடும் பேனா. வளைத்துப் போட்டது என் கை.

ஞாபகம் இருக்கிறதா மாமா? மரம் கிரீச் கிரீச்சென்று கத்துகிறது என்றீர்கள். மறுநாளே நான் ரிஜெக்ட் ஆன நல்ல தோலில் ஒரு வட்டம் வெட்டிக்கொண்டு வந்து நின்றேன். நீங்கள் அதை மோந்து பார்த்து, "தோலுக்குள்ள உப்பு இருக்கும்டி. தண்ணி பட்டா கக்கும்" என்றீர்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "உங்க டேனரி தோலு கக்கும். எங்க கம்பெனி தோலு கக்காது!" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். தோலிலேயே பிறந்து தோலிலேயே சோறு தின்கிறவர்களுக்கு எதற்கெடுத்தாலும் தோல்தான் மருந்து என்ற திமிர் உண்டு. நீங்கள் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தீர்கள். கத்தல் நின்றது. ஜெயித்தது நான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழுமலை அண்ணன் அந்தத் துண்டைக் கையில் வாங்கி, "இத்த இன்னும் தூக்கிப் போடலியா நீங்க?" என்றார். "நா எத்தினியோ தபா சொன்னேன் அவர்கிட்ட. வருசா வருசம் பொங்கலுக்கு முன்னாடி வந்து நாலு போல்ட்டையும் கழட்டுவாரு. இந்தத் தோல நல்ல தண்ணியில அலசிக் காய வப்பாரு. குழாயத் தேய்ச்சுக் கழுவி, கிரீஸ் தடவி, மறுபடி அதே தோலயே வச்சு முடுக்குவாரு. ஒரு நாள் பூரா போயிடும். தூக்கிக் கடாசுய்யான்னா, மச்சினிச்சி குடுத்ததுய்யான்னாரு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு மார்கழியிலும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது, "கட்டுமரத்துக்குக் கால் கழுவிட்டு வர்றேன்" என்பீர்கள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். "ஏன் மாமா, அது கொல்லைக்குப் போச்சா?" என்று கேட்டதே நான்தான். வேறு எந்தக் கால் கழுவலை எங்களுக்குத் தெரியும்? நீங்களும் எங்களோடு சிரித்துவிட்டு, ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவீர்கள்.

கரையிலேயே உட்கார்ந்து அழுதேன் மாமா. அந்தத் தோலை எடுத்து எறிந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவா போகிறது? ஏன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை? நான் மறுபடி மூஞ்சியைத் தூக்குவேன் என்றா? இல்லை, அந்த ஒரு நாள் வேலை உங்களுக்கும் பிடித்திருந்ததா? நீங்கள் கழுவிய வருஷமெல்லாம் அது நின்றது. கழுவ ஆளில்லாத இரண்டே வருஷத்தில் அரித்துவிட்டது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உங்கள் படகுக்கு உப்பு வைத்தவள் நான். நினைத்தது என்னவோ நீங்கள்.

அழுது முடித்ததும் ரோஷம் வந்துவிட்டது. குழாயைக் கழற்றி ஆம்பூருக்குத் தூக்கிவந்தேன். லேத் பட்டறை கபீர் பாய், உங்கள் தோஸ்த், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "அலுமினியமும் எவர்சில்வர் போல்ட்டும் நேருக்கு நேர் ஒட்டினாலே பேஜாருமா. நடுவுல உப்பு ஊறின தோலு வேற. கேக்கணுமா?" என்றார். வெல்டிங் வைக்கச் சொன்னேன். "வேணாம். சூடு பட்டா பலம் கம்மியாயிடும். உள்ளாற இன்னொரு குழாய் சொருகித் தர்றேன். அவனுக்குன்னா இதக்கூட செய்ய மாட்டனா?" அப்படியே செய்து, கம்பிக்கும் புது மரை வெட்டிக் கொடுத்தார்.

கிண்ணத்துக்கு அடியில் எதை வைப்பது? அது என் பொறுப்பு, பழைய பாவம் ஆயிற்றே. எங்கள் கட்டிங் செக்‌ஷனில் அச்சு வைத்துத் தோல் வெட்டும்போது அடியில் போடும் வெள்ளை பிளாஸ்டிக் பலகை தெரியுமல்லவா? தேய்ந்துபோன ஒன்றைக் கேட்டு வாங்கினேன். இப்போது நான் அந்த செக்‌ஷனுக்கு சூப்பர்வைசர், அதைச் சொல்ல மறந்துவிட்டேன் பாருங்கள். அந்தப் பலகை தண்ணீரும் குடிக்காது, உப்பும் கக்காது. அதே அளவுக்கு வட்டம் வெட்டினேன். போல்ட் நுழையும் ஓட்டைக்கெல்லாம் பிளாஸ்டிக் உறை போட்டு, இரும்பும் அலுமினியமும் எங்கேயும் தொடாமல் பார்த்துக்கொண்டேன்.

மரத்தை நட்டதும் ஏழுமலை அண்ணன் அதைத் தாங்கும் பக்கக் கம்பியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். அசையவில்லை. மூன்று ஞாயிறு நாங்கள் இருவரும் காற்றில் ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் கரைக்கு வந்து குழாயைத் தட்டிக் கேட்டேன். நான்காம் ஞாயிறுதான் அக்காவை ஏற்றினேன்.

மிதக்கும் சட்டை போட்டு, முந்தானையை இழுத்துச் செருகி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். ஏழுமலை அண்ணன் பாயைப் பிடித்தார். நடு ஏரிக்குப் போனதும் காற்று ஏறியது. கிரீச்சென்று மரம் கத்தியது. தோல் போனதும் பழைய குரல் வந்துவிட்டது மாமா. அக்கா சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

"இன்னாடி சத்தம்? ஒடையுதா?"

"இல்லக்கா. நல்லா நிக்குது. இந்தச் சத்தம் வராம இருக்கத்தான் நான் தோலு குடுத்தேன்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் தோல், உங்கள் போல்ட், மார்கழி, கால் கழுவல் எல்லாம்.

அக்கா குனிந்து அந்தக் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தாள். "கால் கழுவப் போறேன்னு என்கிட்டயும் சிரிச்சினேதான் சொன்னாரு" என்றாள். கரையேறியபோது கன்னமெல்லாம் ஈரம். ஏரித் தண்ணீரா என்று நான் கேட்கவில்லை.

"அப்ப காயலான் கடைக்கு எப்ப வரச் சொல்றது?" என்று மெல்லக் கேட்டேன்.

மிதக்கும் சட்டையைக் கழற்றிக்கொண்டே முறைத்தாள். பிறகு கரையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "பொங்கலுக்கு முன்னாடி கால் கழுவ நானும் வர்றேன். என்னை உட்டுட்டுப் போன, கொன்னுடுவேன்!" என்றாள். வலை அலசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் மனைவிக்கு அந்த வெட்கமே இல்லை.

தோலை அலசிக் காய வைத்து, உங்கள் ஸ்பேனர் பைக்குள் போட்டுவிட்டேன். இரும்பில் படாமல் துணி சுற்றித்தான். பிளாஸ்டிக் வைத்த பிறகு வருஷா வருஷம் கழற்றிக் கழுவ வேண்டியதில்லை, சும்மா பார்த்தால் போதும் என்கிறார் கபீர் பாய். அவர் சொல்லட்டும். நாங்கள் கழுவுவோம் மாமா, எத்தனை வருஷமானாலும்.

நான்கு போல்ட்டில் இரண்டு அக்காவுக்கு, இரண்டு எனக்கு என்று பங்கு பிரித்துக்கொண்ட,
உங்கள் உப்பு மச்சினிச்சி,
விஜயா