மஞ்சள் குடைக்குப் பின்னால

பிள்ளை,

வேலையிடத்து ஆக்களோட சுற்றுலா போறன் எண்டு அப்பாவுக்குப் பொய் சொல்லிப்போட்டு, போலந்துக்கு, நீ இருக்கிற கிராக்கோவுக்குத்தான் வந்தனான். இப்ப திரும்பி சுவிஸுக்கு வந்து, எங்கட ஓல்டன் ஸ்டேஷனில இருக்கிறன். வீட்டை போக மனம் ஏவுதில்லை. பஸ் ஒண்டு மாறி ஒண்டு போகுது.

உன்ர வீட்டுப் பக்கம் வரேல்லை, வர நினைச்சதுமில்லை. நீ கட்டின அந்தப் போலந்துக்காரன் பழைய நகரத்தைச் சுற்றிக் காட்டுற ஜேர்மன் மொழிக் கூட்டத்தில, தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு கடைசி ஆளா நடந்தன். ஆள் எப்பிடி எண்டு பாக்கத்தான்.

மஞ்சள் குடையைத் தூக்கிக்கொண்டு அரண்மனை, கோபுரம் எண்டு கதைச்சுக்கொண்டு போனார். எனக்கு ஒண்டும் காதில ஏறேல்லை. ஆனா நான் நொண்டி நொண்டி வந்து சேருமட்டும் ஒரு இடத்திலயும் அவர் கதையைத் தொடங்கேல்லை. தேவாலயப் படியால இறங்கேக்க கையை நீட்டி, "மெல்ல வாங்கோ மாமி" எண்டார்.

தமிழில.

என்ர படத்தைக் காட்டியிருக்கிறாய், என்ன? முழங்கால் நோவையும் சொல்லியிருக்கிறாய்.

உனக்கெண்டு சுட்ட பயத்தம் பணியாரத்தைப் பெட்டியோட அவற்ர கையில திணிச்சுப்போட்டு, திரும்பிப் பாராமல் வந்திட்டன்.

அந்தப் பெட்டி எனக்கு வேணும். தபாலில அனுப்பாதை. நீயும் மருமகனுமாக் கொண்டு வாங்கோ. அப்பாவோட நான் கதைக்கிறன்.

அம்மா