பிரிக்காத பொட்டலம்

அக்கா,

இன்று வெள்ளிக்கிழமை. சாமி மாடத்தைத் துடைக்கும்போது மஞ்சள் டப்பாவின் அடியிலிருந்து அந்தப் பொட்டலம் கைக்கு வந்தது. கோடு போட்ட தாள், மேலே வாழைநார், இரண்டு முடிச்சு. முகர்ந்து பார்த்தேன். மஞ்சள் வாசனைதான். உள்ளே பூ என்றைக்கோ பொடியாகியிருக்கும். மளிகைக் கடைப் பொட்டலத் தாள்களை எழுத்துக்கூட்டியே படிக்கக் கற்றவள் நான். இந்த ஒன்றை மட்டும் மூன்று வருஷமாகப் பிரிக்கவில்லை.

நீங்கள் விழுப்புரத்து வீட்டின் மூத்த மருமகள். நான் திண்டிவனத்துக்குத் தனிக்குடித்தனம் வந்த இளையவள். மேகம் திரண்டால் நீங்கள் விதைக்கலாம் என்பீர்கள், நான் காயப்போட்ட மல்லாட்டைக் கடலையை அள்ள ஓடுவேன். உங்கள் மகளைப் பார்க்க வந்த முதல் இடம் அமையாது என்று சொல்லிவிட்டேன், அமையவில்லை. அதற்கப்புறம் உங்கள் வீட்டுக்காரர் என்னைக் கண்டாலே, "ஜோசியக்காரி வந்துட்டா, வாயத் தொறக்கறதுக்குள்ள காபியக் குடு" என்பார். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரிப்பேன். பஸ் ஏறியதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வேன்.

அது எண்பத்து மூன்றாம் வருஷம். ஆவணியில் ஒருநாள், குளித்துவிட்டு வந்த நீங்கள் என் கையைப் பிடித்து இடது மார்பில் வைத்தீர்கள். மல்லாட்டைக் கொட்டை அளவு. அப்படித்தான் என் நோட்டில் எழுதினேன். பால், மண்ணெண்ணெய், மழை எல்லாவற்றையும் எழுதுகிற அதே நோட்டில். புரட்டாசியில் பாக்கு அளவு என்று எழுதினேன். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன்.

"வலிக்கவே இல்லடி. தையில பொண்ணு கல்யாணத்த வெச்சிக்கினு, என்ன ஆஸ்பத்திரில போய்ப் படுத்துக்கச் சொல்றியா?" என்றீர்கள்.

ஐப்பசியில் கொஞ்சம் இறங்கி வந்தீர்கள். அம்மன் முன்னால் பூ வைத்துப் பார்ப்போம். சிவப்பு வந்தால் மறுநாளே ஆஸ்பத்திரி, வெள்ளை வந்தால் கல்யாணம் முடியட்டும். பொட்டலம் கட்டுவது என் பொறுப்பு. அதைச் சொல்லிவிட்டு என் தாடையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு தரமாவது உன் வாயால நல்லது கேக்கணும்டி" என்றீர்கள்.

செவ்வரளியும் நந்தியாவட்டையும் பறித்துவந்து உட்கார்ந்தேன். அதுவரை ஒரு தாள்கூடக் கிழிக்காத நோட்டிலிருந்து ஒன்றைக் கிழித்து இரண்டாக்கினேன். நீங்கள் சொன்னதே காதில் இருந்தது. இரண்டிலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டிவிட்டேன். அம்மன் நினைத்தால் வெள்ளையையும் சிவப்பாக்குவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாரத்தை அவள் தலையில் ஏற்றிவிட்ட திருப்தி அது. பக்தி என்று அப்போது நினைத்தேன்.

அம்மன் முன்னால் நீங்கள் ஒன்றை எடுத்துப் பிரித்தீர்கள். வெள்ளை. மற்றதை யாரும் கேட்பதற்குள் இடுப்பில் செருகிக்கொண்டு, "ஒண்ணுமில்லக்கா, சரியாப் பூடும்" என்றேன். என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தீர்கள். அவ்வளவு சந்தோஷமாக உங்களை நான் பார்த்ததே இல்லை.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. பந்தியில் நீங்கள் வலது கையால் மட்டுமே பரிமாறியதை நான் பார்த்தேன். மாசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா, "நாலு மாசம் முன்னாடி வந்திருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டார்கள். உங்களைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்கள்.

ஆடியில் ஒரு மத்தியானம், உங்களுக்கு விசிறிக்கொண்டிருந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. இரண்டிலும் வெள்ளைதான் வைத்தேன் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். விசிறி நின்றுபோயிருந்தது. திரும்பாமலே பேசினீர்கள்.

"தெரியும்டி. அன்னிக்கே அந்த இன்னொண்ணையும் பிரிச்சுப் பாத்துட்டேன். பாத்துட்டுதான் பேசாம இருந்துக்கினேன். நீ போய்க் கஞ்சி எடுத்தா."

அந்தப் பொட்டலம் உங்கள் கைக்கு வரவே இல்லை. அந்த நேரத்தில் அது திண்டிவனத்தில், என் மஞ்சள் டப்பாவில் இருந்தது. "அப்படியாக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கஞ்சி எடுக்க எழுந்து போனேன். ஒன்பதாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் மகள் தலைப்பிரசவத்துக்கு என்னிடம்தான் வந்திருக்கிறாள். ஏழு மாதம். கால் வீங்கியிருக்கிறது. மாடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "எல்லாம் நல்லபடியா ஆவும் இல்ல சித்தி? அம்மன் கோயில்ல பூ வெச்சுப் பாக்கலாமா?" என்று கேட்டாள். சிரிக்கும்போது அப்படியே நீங்கள்.

ஆகும் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஆகாது என்றும் சொல்லவில்லை. "பூவெல்லாம் வேணாம். பொடவ மாத்திக்கினு வா, ஆஸ்பத்திரில சீட்டு எழுதி முடிக்கறதுக்குள்ள போயிடணும்" என்றேன். முகம் சுருங்கித்தான் உள்ளே போனாள்.

அவள் வருவதற்குள் பொட்டலத்தை மறுபடி டப்பாவின் அடியில் வைத்தேன். நீங்கள் பிரித்ததாகச் சொன்ன அந்த இரண்டு முடிச்சும் அப்படியேதான் இருக்கின்றன, அக்கா.