வளைக்காமல் அளந்த கம்பி

இன்று காலை ஆய்வகத்தில் கம்பிச் சுருளில் ஊற்றும் பிசின் டப்பாவைத் திறந்ததும் அந்த நெடி மூக்கில் ஏறியது. உடனே உன் நினைப்புதான். டூட்டிங் தமிழ்க் கடைகளிலிருந்து நீ வாங்கி வரும் மீன் ரோல்ஸிலும் இதே நாற்றம் ஒட்டிக்கொள்கிறது என்று வாரம் தவறாமல் என்னைத் திட்டுவாய்.

லண்டனுக்கு வந்த நாளிலிருந்து நமக்கு ஒரே மேசை, ஒரே வேலை. எம்.ஆர்.ஐ ஸ்கேனரின் காந்தத்துக்கு கடுங்குளிரில் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் மீக்கடத்திக் கம்பிகளில் எது நல்லது என்று ஒப்பிட வேண்டும். பழைய நயோபியம் டைட்டானியக் கம்பி எப்படி வளைத்தாலும் வளையும். ஆனால் திரவ ஹீலியத்தில் முக்கி வைக்க வேண்டும். புதிய மக்னீசியம் டைபோரைடுக்கு அவ்வளவு குளிர் தேவையில்லை. அதன் மேல் எனக்குக் கண்மூடித்தனமான ஆசை. ஒரு சிறு துண்டை நேராக வைத்து அளந்தேன். மின்னோட்டத்தை நன்றாகத் தாங்கியது. 'ஏற்றது' என்று அறிக்கை எழுதி, இரண்டாம் கையெழுத்துக்கு உன்னிடம் நீட்டினேன்.

"ஸ்கேனருக்குள்ள கம்பி நேராயோ கிடக்கப்போகுது? சுருளாச் சுத்தி அளக்காமல் நான் கையெழுத்துப் போடமாட்டன்."

"நாளைக்குக் கொடுக்கணும். நீ பழைய கம்பி ஆள், உனக்குப் பொறாமை," என்றேன். வாய்க்கொழுப்பு. நீயே கம்பியை எடுத்து உருளையில் சுற்றினாய். மறுபடி அளந்தபோது பாதியிலேயே அது கைவிட்டது, உள்ளே விரிசல். வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. அந்த அறிக்கை போயிருந்தால், அதை நம்பிச் செய்த காந்தமும் என் வேலையும் சேர்ந்தே போயிருக்கும். மேலாளரிடம் நீ சொன்னது இவ்வளவுதான்: "நாங்கள் இன்னொருக்கா அளக்கவேணும்." என் பெயரை எடுக்கவே இல்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வருஷங்கள் ஆயின. உனக்கு நோய் முற்றி, ஸ்கேனுக்காக நீ மருத்துவமனை கவுனில் உட்கார்ந்திருந்த அன்றுதான் கேட்டேன்.

"சுத்தி அளந்தாச்சுத்தானே, விடு," என்றாய். பிறகு ஸ்கேன் அறைக் கதவைக் காட்டி, "இதுக்குள்ள எந்தக் கம்பி?"

"பழசுதான்."

"அப்ப பயமில்லாமல் போறன்."

இருவரும் சிரித்தோம். அதற்குப் பிறகு சேர்ந்து சிரிக்க நமக்கு வாய்க்கவில்லை.

புதிய கம்பியை நான் இன்னும் விடவில்லை. முதலில் சுற்றி, பிறகு சூளையில் வைத்தால் தாங்குகிறது. இப்போது இரண்டாம் கையெழுத்துப் போடுபவர் எதுவும் கேட்பதில்லை, நீட்டினால் போட்டுவிடுகிறார். அதனால் நீட்டும் முன் உன் கேள்வியை நானே கேட்டுக்கொள்கிறேன். பதில் இல்லாத நாளில் அறிக்கை என் மேசையிலேயே கிடக்கும், யார் அவசரப்படுத்தினாலும் சரி. அந்தப் பிடிவாதத்தை எனக்கு விட்டுப் போனாயே, அதற்கு நன்றியடி.