தங்கச்சி நாட்டு மலை

ஜூலை 4
ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்துக்கு என்னை ஒரு பாடம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ‘நம் நாடும் அண்டை நாடும்: இயற்கை அமைப்பு, ஓர் ஒப்பீடு.’ இத்தனை வருஷம் புவியியல் நடத்தியவளுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு. சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஆனால் ஒப்பிட வேறு நாடே கிடைக்கவில்லையா? அது என் தங்கச்சி வாக்கப்பட்டுப் போன நாடு. ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று அம்மா போனதும் அங்கேதான். மாதம் முடிந்துவிட்டது.

ஜூலை 9
அம்மாவின் போன். எப்போது வருகிறாய் என்று கேட்க வாயெடுப்பதற்குள், “ஜன்னலைத் திறந்தா மலைடி. காலைல மேகம் வீட்டுக்குள்ளயே வந்துடுது” என்றாள். நம் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

“ஈரக்காத்து உனக்கு ஆகாதும்மா.”

“இங்க வந்ததுலேருந்து இருமலே இல்லடி.”

போனை வைத்த பிறகும் உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருந்தது.

ஜூலை 15
எழுத உட்கார்ந்தேன். அட்டவணையில் இடப்பக்கம் நாம், வலப்பக்கம் அவர்கள். நமக்குக் கடற்கரை, கழிமுகம், மூன்று போகம் விளையும் வண்டல் சமவெளி. அவர்களுக்குக் கடலே கிடையாது. ‘கடல் இல்லாத குறை’ என்று எழுதினேன். ‘குறை’ என்று எழுதும்போது ஒரு திருப்தி.

பிறகு மலைகள். எழுதித்தானே ஆக வேண்டும்? பனி மூடிய சிகரங்கள், பள்ளத்தாக்குகள், மலைக்கு நடுவே ஏரிகள். நம் நாட்டிலேயே உயரமான இடம் ஒரு மொட்டைக் குன்று, அதன் மேல் ஒரு செல்போன் கோபுரம். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். நல்லதெல்லாம் அவள் தட்டில்.

ஜூலை 16
இவர் படித்துப் பார்த்தார். “மலைக்கு ரெண்டு வரி, நிலச்சரிவுக்கு ஒன்றரைப் பக்கமா?” பிள்ளைகளுக்கு ஆபத்தும் தெரிய வேண்டாமா என்றேன். உடனே செய்தித்தாளை விரித்துக்கொண்டார். கெட்டிக்காரர்.

ஜூலை 28
பாடம் திரும்பி வந்துவிட்டது. பாடநூல் குழுத் தலைவி நேரிலேயே கூப்பிட்டனுப்பினார். ஆசிரியர்கள் அவருக்கு வைத்த பெயர் சிவப்பு மை. மேசை முழுக்கச் சுருட்டிய வரைபடங்கள். உட்கார்ந்தால் அவர் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. நல்லதாகப் போயிற்று.

“‘செங்குத்தான சரிவுகளில் முதியோர் வாழ்வது கடினம்’னு எழுதியிருக்கீங்க. எந்த முதியோர்?”

வரைபடச் சுருள்களுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டேன்.

“இது பாடமா, புகார் மனுவா டீச்சர்?”

அதோடு விட்டாரா? அடுத்து ஆறு. நம் பெரிய ஆற்றின் நீளத்தை எல்லையிலிருந்து கடல்வரைக்கும்தான் போட்டிருக்கிறேன். பிறக்குமிடம்: நாட்டின் வட எல்லை. “ஆறு என்ன, எல்லைச் சாவடியிலயா பிறக்குது?” என்றார். பாதி ஆறு அவர்கள் மலையில் ஓடுகிறது. எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் கரும்பலகையில் அங்கே உள்ள பனியாற்றிலிருந்துதான் கோடு போடுகிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. கை எல்லையைத் தாண்டவே இல்லை. வேண்டுமென்று செய்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றுகிறது.

திருத்தித் தராவிட்டால் பாடம் வேறு ஆளிடம் போய்விடும்.

ஆகஸ்ட் 3
ஆற்றை அதன் மலைக்கே கொண்டுபோய் விட்டுவிட்டேன். அடுத்தது மண். நம் சமவெளி எப்படி உண்டானது? அவர்கள் மலையைக் கரைத்து ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல். மூன்று போகம், மூன்று போகம் என்று பீற்றிக்கொண்டேனே, அதுவும் அவள் வீட்டுப் பக்கத்து மண்தான். உள்ளதை உள்ளபடி எழுதினேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதினேன்.

ஆகஸ்ட் 19
பாடத்தை ஏற்றுக்கொண்டார்கள். அம்மாவிடம் சொல்லலாம் என்று கூப்பிட்டால் தங்கச்சி எடுத்தாள். அம்மா தூங்குகிறாளாம். நட்டநடுப் பகலில் என்ன தூக்கம்? நம் வீட்டில் அம்மா பகலில் கண்ணயர்ந்து நான் பார்த்ததில்லை. அங்கே அவ்வளவு நிம்மதி போலிருக்கிறது.

செப்டம்பர் 6
அவர்கள் ஊர்ச் சாலையில் நிலச்சரிவு என்று டிவியில் காட்டினார்கள். உடனே போனை எடுத்தேன். லைன் கிடைக்கவில்லை. மதியத்துக்கு மேல் கிடைத்தது. வீட்டுக்கு ஒன்றுமில்லை, எல்லாரும் நலம். அப்பாடா என்றிருந்தது.

அடுத்த நினைப்பு — இனிமேல் அம்மா வந்துவிடுவாள்.

என்ன மனசு இது? இருந்தாலும் கேட்டேவிட்டேன், “கிளம்பி வந்துடும்மா” என்று. “ரோடு சரியாகட்டும், பாக்கலாம்” என்றாள்.

பாக்கலாமாம். நான் என்ன குறை வெச்சேன்? அப்பா போனதுலேருந்து யாரு பாத்துக்கிட்டா? அவளா? வருஷத்துக்கு ஒரு சால்வை அனுப்பிட்டா மகளா?

செப்டம்பர் 7
இனிமேல் கேட்க மாட்டேன்.

செப்டம்பர் 20
ரோடு சரியாகிவிட்டதாம். நான் கேட்கவில்லை. அம்மாவும் வருகிற பேச்சை எடுக்கவில்லை.

அக்டோபர் 2
பள்ளி விடுமுறை. இவர் பஸ் டிக்கெட் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டார். “போய்க் கூட்டிட்டு வா. இல்ல, சண்டையாவது போட்டுட்டு வா. இந்த மூஞ்சிய என்னால பாக்க முடியல.”

அக்டோபர் 4
வந்துவிட்டேன். எல்லையைத் தாண்டியதும் மலை வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். என் அட்டவணையில் அப்படித்தான். வரவில்லை. சாவடிக்கு அப்புறமும் வெகுதூரம் வயல்தான், நம் வயல் போலவே. அப்புறம்தான் ரோடு மேலே ஏறியது. அழகில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. முடியவில்லை.

அம்மா நன்றாக இருக்கிறாள். கன்னத்தில் சதை போட்டிருக்கிறது. பார்த்ததும் சந்தோஷம் பாதி, கோபம் பாதி.

சமையலறையில் தங்கச்சி என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: “கூட்டிட்டுப் போகத்தானே வந்திருக்க?”

ஆமாம் என்றேன்.

“போ. இங்க இருந்தாலும் அம்மா வாய் அங்கதான் இருக்கு. ‘பெரியவ ஊர்ல தெரு சமமா இருக்கும், யாரையும் பிடிக்காம நடப்பேன். பெரியவ நான் வாயத் திறக்கறதுக்குள்ள வெந்நீர் வெச்சிருப்பா.’ விடிஞ்சா அடைஞ்சா உன் புராணம்தான் அக்கா. கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரியுது.” பாத்திரத்தைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். “இவ்வளவு நாள் உன்கூடத்தானே இருந்தா. எனக்கு ஒரு பனிக்காலம் குடேன்.”

இவளுக்கும் எரிகிறதா? என்னைப் பார்த்தா? என்னிடம் அம்மா ஒரு நாளும் வெந்நீரைப் பற்றி வாயைத் திறந்ததில்லை.

அக்டோபர் 6
காலையில் அம்மாவிடம் நானே சொன்னேன். “பனி முடியிறவரைக்கும் இங்கயே இரும்மா. அவளும் ஆசைப்படுறா.” நல்ல மனதோடுதான் சொன்னேன்.

அம்மா உரித்துக்கொண்டிருந்த பூண்டைக் கீழே வைத்தாள். முகம் சின்னதாகிவிட்டது.

“ஏன்டி, அங்க நான் உனக்கு இடைஞ்சலா இருந்தேனா?”