ஏலக்காய் ஸ்டோரில் காய்ந்த படகு

இன்று காலை படகின் மேலிருந்த தார்ப்பாயை விலக்கினேன். மழை ஈரம் ஏறிய பலகையிலிருந்து ஏலக்காய் வாசம் குப்பென்று வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். துவைத்து மடித்த உங்கள் சட்டைகளில்கூட இப்போது அந்த வாசம் இல்லை. இந்தப் பாழாய்ப்போன படகில் இருந்தது.

மலை உச்சியில் இருக்கிறவருக்குப் படகு எதற்கு என்று எஸ்டேட் லயத்து வீடுகள் முழுக்கச் சிரித்தன. நீங்கள் கேட்டீர்களா? ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தும் வேலை முடிந்து வந்ததும், போனில் படகு கட்டும் வீடியோவைப் போட்டுக்கொண்டு கொல்லையில் உளியோடு உட்கார்ந்துவிடுவீர்கள். நான் பலகையைப் பிடிக்க, நீங்கள் ஆணி அடிக்க, என் விரல் நகம் ஒன்று கறுத்தே போனது.

“ஒரு தடவையாச்சும் ஒன்னைய அணைக்கு அக்கரையில கொண்டுபோய் எறக்குறேன் பாரு.”

“அங்க போயி என்னத்தப் பண்ண? யாரு இருக்கா?”

“நாம இருப்போம்ல.”

இந்தப் பனியில் அயினி மரப் பலகை காயவே மாட்டேன் என்றது. உடனே ஸ்டோருக்குள் கொண்டுபோய், ஏலக்காய்த் தட்டுகளுக்கு மேலே அடுக்கிவிட்டீர்கள். “மரத்தப் போயி ஏலக்கா மாதிரி வாட்டுவாங்களா?” என்று கேட்டேன். “காயப்போடுறதுக்கு எனக்கே சொல்லித் தர்றியா?” என்று சிரித்தீர்கள். சருகாய்க் காய்ந்த பலகைகளை நெருக்கி அடித்தோம். சந்துகளில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியம் பூசினோம். அணைத் தண்ணீரில் இறக்கியதும் பலகைகள் ஊறிப் பருத்தன. பருக்க இடமில்லை, ஒன்றையொன்று தள்ளி ஆணிகளைப் பிடுங்கிவிட்டன. நனைந்த கோழியாகக் கரையேறி, “அடுத்த கோடையில சரி பண்ணிரலாம்” என்றீர்கள். கோடை வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்ட நீங்கள் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் மலையிறங்கும் ஜீப்பிலேயே போய்விட்டீர்கள்.

இந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வேலை பார்த்தவர் இல்லையென்றால் லயத்தில் வீடும் இல்லை. போடியில் மகன் இருக்கும் ஒற்றை அறையில் என்னைத் திணிப்பதே பெரும்பாடு, படகுக்கு எங்கே இடம்? அக்கரையில் மீன் பிடிக்கிறவர் மட்டும், “மெதந்து வந்துச்சுன்னா என் துறையில கட்டிக்கிறேன்க்கா. இல்லேன்னா வெறகுதான்” என்றார். அதை விறகாக்க எனக்கு மனம் வருமா? பஞ்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, பலகை பருக்க இடம் விட்டு லேசாக வைத்தேன். ஆணிகளைத் திரும்ப அடித்தேன். தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

மதியம் பக்கத்து வீட்டுக்காரர்கள் படகைக் கீழே அணை வரை தூக்கிவந்து தண்ணீரில் இறக்கித் தந்தார்கள். யாரும் கூட ஏறவில்லை. பிள்ளைகுட்டிக்காரர்கள், குறை சொல்ல முடியாது. தனியாகவே ஏறினேன். பாதி தூரத்தில் காலடியில் தண்ணீர் ஏறியது. துடுப்பை வைத்துவிட்டுத் தண்ணீரைக் கோரினால் படகு திசை மாறுகிறது. துடுப்பைப் பிடித்தால் தண்ணீர் முழங்காலுக்கு வருகிறது. ஒருத்தர் தள்ள ஒருத்தர் கோர, இரண்டு பேருக்கென்று கட்டிய படகு அது. பெண்டாட்டி சொல்லக்கூடாத உங்கள் பெயரைச் சொல்லி நடுத்தண்ணீரில் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

மீன்காரர் மூங்கில் தெப்பத்தில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு இந்தக் கரையில் விட்டார். படகு விளிம்பு வரை தண்ணீரோடு அங்கேயே நின்றது. பிறகு அதுவும் தெரியவில்லை.

உயிர் பிழைத்ததே பெரிது, படகு போனால் போகிறது என்கிறார்கள். எனக்குப் போகவில்லை. நாளை பெட்டியைக் கட்ட வேண்டும். கொண்டுபோக அதிகம் ஒன்றுமில்லை. உங்கள் மேல் இருக்கும் இந்தக் கோபத்தைத்தான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. என் கோபத்தை வாங்கிக்கொள்ள நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள்.