அண்ணே, உன் காதில் கேட்டது

என் ஆசை பாலு அண்ணே,

நீ போய் இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. இப்போதுதான் உன்னை நம்புகிறேன். இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

காதுக்குள் நெஞ்சு அடிக்கிற மாதிரி சத்தம் கேட்கிறது என்று நீ எத்தனை தடவை சொன்னாய்? பட்டர்வொர்த் துறைமுகத்தில் இருபது வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினால் காது அப்படித்தான் ஆகும் என்று நாங்களே தீர்ப்புச் சொல்லிவிட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாகான் டாலாம் வீட்டில் பசியாறிக்கொண்டிருந்தோம். உன் காதோடு என் காதை வைத்துக் கேட்டுப் பார்க்கச் சொன்னாய். நான் ரொட்டி சானாயை மென்றுகொண்டே, "ஹார்ட்டு இடம் மாறிப்போச்சா? அண்ணிகிட்ட சொல்லு லா" என்று சிரித்தேன். நீயும் "தாப்பாலா, விடு" என்று சொல்லிவிட்டாய். அதற்குப் பிறகு நீ யாரிடமும் கேட்கவில்லை.

போன மாதம் என் வலது காதில் அது ஆரம்பித்தது. படியேறினால் வேகமாக அடிக்கிறது. ஜோர்ஜ் டவுனில் காது டாக்டரிடம் போனேன், நம்ம தமிழ்ப் பெண்தான். விளக்கடித்துப் பார்த்தார். செவிப்பறைக்குப் பின்னால் சிவப்பாக ஏதோ துடிக்கிறதாம். தடம் மாறி வந்த ரத்தக்குழாயாக இருக்கலாம், ரத்தக்குழாய்க் கட்டியாகவும் இருக்கலாம், ரொம்ப அபூர்வம் என்றார். ஸ்கேன் பார்க்காமல் ஊசிமுனைகூடப் படக்கூடாதாம், ரத்தத்தை நிறுத்துவது கஷ்டமாம். பிறகு என் காதுக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார்.

"எனக்கும் கேக்குதுக்கா."

அண்ணே, அடுத்தவருக்கும் கேட்குமாம். அன்றைக்கு நான் காதை வைத்திருந்தால் எனக்கும் கேட்டிருக்குமா?

குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். பாழாய்ப்போன வாய். உன் காது என்றாலே துறைமுகச் சத்தம் என்றுதான் மனசில் பதிந்திருந்தது. ஸ்கேனுக்குத் தேதி வாங்கக் காத்திருந்தபோதுதான் உன் முகம் வந்தது. எழுந்து ஓடிப்போய்ச் சொன்னேன். அவரையும் கூட்டிக்கொண்டு வாங்க என்றார். நீ மாரடைப்பில் போய்விட்டதைச் சொன்னேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டதற்கு, இனி யாராலும் சொல்லமுடியாது என்றார்.

சில குடும்பங்களில் பிள்ளைகளுக்கும் வருமாம். அதனால் உன் மகள் யாழினியைக் கூப்பிட்டேன். புக்கிட் தெங்கா ஃபேக்டரியில் வேலை முடிந்து நேராக வந்தாள். மெதுவாக விசாரித்தேன்.

"அப்பாவுக்கும் கேக்கும், எனக்கும் கேக்கும். எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன் அத்தை."

அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, என் நல்ல காதை அவள் காதோடு ஒட்டிவைத்தேன். டொக், டொக் என்று கேட்டது. அது அவளுடையதா, என்னுடையதா என்று எனக்குத் தெரியவில்லை, அண்ணே. மூச்சை அடக்கிப் பார்த்தும் தெரியவில்லை. நான் காதை எடுத்ததும் அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை இருவருக்கும் ஸ்கேன். என்ன வரும், அதற்கு என்ன செய்யமுடியும், ஒன்றும் தெரியாது. அவள் கையை விடமாட்டேன். குடும்பத்தில் யாருக்கு இருந்தது என்று யார் கேட்டாலும் முதலில் உன் பெயரைச் சொல்வேன்.

அன்றைக்குக் காதை வைக்காமல் சிரித்த
உன் ஒரே தங்கச்சி,
மல்லிகா